திருப்பூர்க்காரர் என்றால் யார்?

வீட்டில் இருக்கிற ஏற்றுமதி ரக டி-ஷர்ட் ஒன்றை எடுத்து உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். விலாப் பக்கத் தையலில், அடி ஓரத்திலிருந்து ஒரு சாண் மேலே, வழுவழுப்பான வெள்ளை ரிப்பன் துண்டு ஒன்று தொங்கும். பனியன் கம்பெனிகளில் அதை வாஷ்கேர் லேபிள் என்பார்கள். எவ்வளவு சூட்டில் துவைக்கலாம், இஸ்திரி போடலாமா கூடாதா என்பதெல்லாம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் என்று பல மொழிகளில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். நடுவே எங்காவது ‘மேட் இன் இந்தியா’ இருக்கும். ஊர்ப் பெயர் இருக்காது.

ஓவர்லாக் மெஷினில் சைடு அடிக்கும்போதே இந்த லேபிளையும் சேர்த்துப் பிடித்து ஓட்டிவிடுவார்கள். ஒரு பீஸுக்குச் சில நொடிதான் ஆகும். மெஷினில் உட்கார்ந்திருப்பவர் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்துப் பையனாக இருக்கலாம். பக்கத்தில் நின்று, தைப்பவருக்குத் துணியைக் கைமடித்துக் கொடுக்கும் அக்கா தேனிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகியிருக்கலாம். லைன் சூப்பர்வைசர் காங்கேயத்துக்காரராக இருக்கலாம். மூன்று பேருக்கும் தாய்மொழி வேறு, அல்லது ஒரே மொழியின் பேச்சு வேறு. அந்த லேபிளில் உள்ளதில் பெரும்பகுதியை மூவராலும் வாசிக்க முடியாது. அந்த மூன்று பேரையும் ஒரே வரியில் உட்கார வைத்தது, கடல் தாண்டி இருக்கிற ஒரு கடைக்காரர் போட்ட ஆர்டர்.

உலகமயம் வந்தால் உள்ளூர் அடையாளம் கரைந்துபோகும், எல்லா ஊரும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெருநகர மால்களை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றலாம். திருப்பூர் மாதிரி ஊரில் கதை வேறு மாதிரி நடந்திருக்கிறது. இங்கிருந்து துணி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. பதிலுக்கு இந்த ஊருக்குள் வந்தவர்கள் அமெரிக்கர்களோ ஐரோப்பியர்களோ இல்லை. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் என்று இந்தியாவின் மறுகோடியில் இருந்தவர்கள்தான் வந்தார்கள். நான்கு தலைமுறையாகப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த ‘இந்தியா’வை இந்த ஊர் முதன்முறையாகப் பக்கத்து அறையில் குடிவைத்துப் பார்த்தது உலகச் சந்தையால்தான். இந்த ஊரின் இன்றைய சிக்கல், பெருமை, பயம் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போகலாம்.

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குமரன் நினைவகம் இருக்கிறது. 1904-ல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1932 ஜனவரி 10 அன்று காந்தி கைதானதைக் கண்டித்துப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். கையில் பிடித்திருந்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் போயிற்று. அப்போது திருப்பூர் பருத்திச் சந்தையும் அரவை ஆலைகளும் உள்ள சிறு ஊர். கதர் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தமிழகத்திலேயே முக்கியமான இடம். ‘வெளிநாட்டுத் துணியை உடுத்தாதே’ என்பதுதான் அந்தக் காலத்தில் இந்த ஊரின் தேசப்பற்று. துணியும் தேசமும் இங்கே முதலிலிருந்தே ஒன்றாகப் பின்னப்பட்டவை.

அதே முப்பதுகளில் பைக்காரா நீர்மின்சாரம் கொங்கு நாட்டுக்கு வந்தது. பருத்தி இருந்தது, ரயில் இருந்தது, மின்சாரமும் சேர்ந்துகொண்டது. பின்னல் மெஷின்கள் பெருகின. ‘பனியன்’ என்ற சொல்லே ஊர் சுற்றி வந்த சொல். வணிகனைக் குறிக்கும் குஜராத்தி சொல்லைப் போர்ச்சுகீசியர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போய் ஒரு உடுப்பின் பெயராகி, நம்மிடம் பனியனாக வந்து சேர்ந்தது. நாற்பது ஆண்டுகள் போல உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் செய்துகொண்டிருந்த ஊர் இது. அந்தக் காலத்தில் கரூரும் ஈரோடும் போல இதுவும் ஒரு மாவட்டச் சிறு நகரம், அவ்வளவுதான்.

1978-ல் இத்தாலியைச் சேர்ந்த வெரோனா என்ற வணிகர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்தார் என்று ஊரில் சொல்வார்கள். எண்பதுகளில் ஐரோப்பியச் சங்கிலிக் கடைகள் நேரடியாக வாங்க வந்தன. 1985-ல் ஏற்றுமதி 15 கோடி ரூபாய். 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 2024-25 நிதியாண்டில் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊர்தான். நகரமும் அதற்கேற்ப வீங்கியது. புறநகரையும் சேர்த்து 2001 கணக்கெடுப்பில் ஐந்தரை லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011-ல் 9.6 லட்சம் ஆனது. 2008-ல் மாநகராட்சி, 2009-ல் தனி மாவட்டம். கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா ஊராக இருந்தவர்களுக்கு ‘நாங்கள் திருப்பூர் மாவட்டம்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கிடைத்தது டாலர் வந்த பிறகுதான். டாலர் சிட்டி என்று ஊரார் பெருமையாகச் சொல்வதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

சரி, இந்த ‘நாங்கள்’ யார்?

ஏற்றுமதி தொடங்கிய காலத்தில் கம்பெனி வைத்தவர்களில் பலர் பெரிய முதலாளிகள் இல்லை. சுற்றுவட்டாரத்தில் தோட்டங்காடு பார்த்துக்கொண்டிருந்த வேளாண் குடும்பத்துப் பிள்ளைகள் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தொழில் கற்று, கூட்டுச் சேர்ந்து நாலு மெஷின் போட்டார்கள். ‘நானும் டேபிளில் உட்கார்ந்து தைச்சவன்தான்’ என்று சொல்கிற முதலாளியை இன்றும் இங்கே பார்க்கலாம். உழைத்தால் மேலே வரலாம் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏணி எல்லோருக்கும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. சொந்தக்காரர் கொடுக்கும் கைமாற்று, சாதி உறவு, ஊரில் இருக்கிற கொஞ்சம் நிலம் ஆகியவை இருந்தவர்களுக்கு எட்டியது. வெறும் கையோடு வந்தவருக்கு எட்டவில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதற்குப் பிறகு வேலையை ஒரே கூரையின் கீழ் வைக்காமல் நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் ஓரிடம் என்று ஜாப் ஒர்க்காகப் பிரித்துக் கொடுப்பது மிகவும் பெருகியது. ஊரே ஒரு பெரிய தொழிற்சாலை மாதிரி ஆனது. தெருவுக்குத் தெரு தையல் பவர் டேபிள், சந்துக்குச் சந்து செக்கிங் அறை.

அதற்கு ஆள் வேண்டும். முதலில் வந்தவர்கள் மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். மழை பொய்த்த வருடங்களில் பேருந்து பேருந்தாக வந்தார்கள். அவர்களை இந்த ஊர் எப்படிப் பார்த்தது என்பது நினைவில் இருக்க வேண்டிய விஷயம். ‘தெக்கத்திக்காரனுக்கு வீடு இல்லை’ என்று சொன்ன வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். பேச்சு முரடு, கோபம் அதிகம், சொன்ன சொல்லில் நிற்க மாட்டார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். இன்று பீகார் தொழிலாளிகளைப் பற்றிச் சொல்கிற அதே வாசகங்கள். இப்போது அந்தத் தெற்கத்திக் குடும்பங்களின் இரண்டாம் தலைமுறை லைன் வீடுகளைத் தாண்டிச் சொந்த மனையில் வீடு கட்டியிருக்கிறது. அவர்களில் சிலரே ‘வடக்கன்களுக்கு வீடு விடுவதில்லை’ என்கிறார்கள். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கிற சொல் அது. தங்கள் அப்பா அம்மா எந்த வாசலில் நின்றார்கள் என்பதை இவ்வளவு சீக்கிரம் மறக்க முடியும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே திருப்பூரில் ‘ஊர்க்காரர்’ என்பது பூர்வீகத்தைச் சொல்கிற சொல் மட்டுமில்லை. பல நேரங்களில், உனக்கு முந்தைய அலையில் வந்தவன் நான் என்பதுதான் அதன் பொருள்.

யார் எங்கிருந்து வந்தவர் என்பதை ஊர் காலியாகும் நாட்களில் எளிதாகப் பார்க்கலாம். தீபாவளிக்கு முந்தைய இரவு போனஸ் கையில் வாங்கி மதுரை, தேனி பேருந்துகளில் தொற்றிக்கொள்ளும் கூட்டம் ஒரு திருப்பூர். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வடக்கே போகும் ரயிலைப் பிடிக்க நடைமேடையில் மூட்டையோடு படுத்திருப்பது இன்னொரு திருப்பூர். மீதமுள்ள நாட்களில் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்துக்குள் அடங்கி வாழ்கின்றன. அந்த நேரத்தின் அளவு ‘ஷிப்டு’. ஒரு ஷிப்டு என்பது பகல் வேலை. ஒன்றரை ஷிப்டு என்றால் பன்னிரண்டு மணி நேரம். ஷிப்மென்ட் நெருங்கினால் இரண்டு ஷிப்டும் ஓடும். ‘இந்த வாரம் எத்தனை ஷிப்டு?’ என்பது இங்கே சம்பளத்தைக் கேட்கும் விதம். சம்பளம் சனிக்கிழமை. கடைவீதி நிறைவது ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்கு எப்போது கப்பலேற வேண்டும் என்பது ஒரு தேனிக் குடும்பத்தின் கோயில் கொடைக்கு லீவு கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. உலகமயம் இங்கே வீட்டுக்குள் நுழைவது இந்தக் கடிகாரத்தின் வழியாகத்தான்.

தேசம் எப்படி நுழைகிறது என்று பார்க்க 2025 ஆகஸ்ட் மாதத்துக்குப் போக வேண்டும்.

அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்யாவிடம் இந்தியா கச்சா எண்ணெய் வாங்குகிறது என்று காரணம் சொல்லி, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதம். பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு. அதற்கு மேல் இந்த 50. அதே நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம்தான். திருப்பூர் தன் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்காவை நம்பியிருந்தது. ஆர்டர்களை நிறுத்தி வையுங்கள் என்று பையர்களிடமிருந்து, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து, தகவல் வந்தது. சில கம்பெனிகளில் இரண்டு ஷிப்டு ஒன்றானது, ஒன்றரை ஷிப்டு ஒன்றானது.

கைமடிக்கிற ஒரு பெண்ணுக்கு ரஷ்ய எண்ணெயோடு என்ன தொடர்பு? ஒரு சொட்டுத் தொடர்பும் இல்லை. ஆனால் அவர் கைமடித்துக் கொடுத்த சட்டையில் ‘மேட் இன் இந்தியா’ என்று ஒட்டியிருந்தது. வரி போட்டவர்களுக்கு அந்த மூன்று வார்த்தைகள்தான் கண்ணில் பட்டன. அந்த வாரச் சம்பளத்தில் குறைந்த ரூபாய், இந்தியராக இருந்ததற்காக அவர் கொடுத்த விலை. அதில் அவருக்கும் ஒடிசா டைலருக்கும் வித்தியாசம் கிடையாது. குடிமகன் என்பதை வாக்குச்சீட்டிலும் கொடியேற்றத்திலும் மட்டும் தேடுகிறவர்கள் இந்த இடத்தையும் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சுதேசி என்று சொல்லி ஒருவர் உயிர் விட்ட ஊரில், இப்போது வெளிநாட்டான் நம் துணியை வாங்காமல் போனால் அடுப்பு எரியாது. இரண்டிலும் தேசத்தின் முடிவுக்கு ஊர் விலை கொடுக்கிறது. 1932-ல் அந்த விலையை விரும்பிக் கொடுத்தார்கள், 2025-ல் யாரும் கேட்கவில்லை.

நொய்யல் ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரின் அடையாளத்தைப் பேச முடியாது, ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கடையில் அந்த சீசனுக்கு என்ன நிறமோ, அந்தச் சாயம் இந்த ஆற்றில் ஓடியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது. அது இருப்பது குமரன் பிறந்த சென்னிமலைக்குப் பக்கத்தில். கீழ்ப்பகுதி விவசாயிகளும் கொங்கு மக்கள்தான், மேலே சாயப்பட்டறை நடத்தியவர்களும் கொங்கு மக்கள்தான். ‘நம்ம ஊர், நம்ம ஆளுங்க’ என்ற பேச்சு விவசாயிகளைக் காப்பாற்றவில்லை. நீதிமன்றம்தான் காப்பாற்ற வந்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கழிவை முழுக்கச் சுத்திகரிக்காத எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்குத் தொழில் மாறியது. இன்று பையர்களிடம் அதைச் சொல்லித்தான் ஆர்டர் பிடிக்கிறார்கள். அந்த அணைக்குக் கீழே தென்னையும் கிணறும் இழந்தவர்களுக்கு இந்தப் பெருமையில் பங்கு இருக்கிறதா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இனி 2023. இந்த ஊரின் மனசு எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஆண்டின் முதல் மூன்று மாதம் காட்டியது போல வேறு எதுவும் காட்டியதில்லை.

அந்த ஜனவரிக் கடைசியில் ஒரு வீடியோ பரவியது. திருப்பூரில் ஒரு தகராறில் வடமாநிலத் தொழிலாளர் கூட்டம் ஒன்று உள்ளூர் ஆட்களைத் துரத்துகிற காட்சி. ஒரு கடை வாசலில் நடந்த சச்சரவு அது. ஆனால் வாட்ஸப்பில் சுற்றும்போது ‘தமிழனைத் தமிழ்நாட்டிலேயே அடிக்கிறார்கள்’ என்று ஆனது. ஊரில் பேச்சு கொதித்தது. ‘இப்படியே போனால் நாளைக்கு எம்.எல்.ஏ.வும் அவங்கதான்’ என்ற வாசகத்தை டீக்கடையில் நானே கேட்டேன்.

ஒரு மாதம் கழித்துக் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு அவை பொய் என்று அறிவித்தார். பரவிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். இன்னொன்று கோவையில் உள்ளூர் ஆட்கள் இரு தரப்பாக மோதிக்கொண்டது. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பியது. அதற்குத் தலைமை வகித்து வந்தவர் அந்த மாநில ஊரக வளர்ச்சித் துறைச் செயலர் பாலமுருகன். பெயரைப் பாருங்கள். அவர்கள் திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களிடம் பேசினார்கள். பொய் வீடியோ பரப்பியதாகப் பீகார் யூடியூபர் ஒருவர் கைதானார்.

அந்த மார்ச் முதல் வாரம் ரயில் நிலையத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மார்ச் 8 ஹோலி. எத்தனை பேர் பண்டிகைக்குப் போனார்கள், எத்தனை பேர் பயந்து போனார்கள் என்று பிரிக்க முடியாது. ஒருவரிடம் கேட்டால் இரண்டும்தான் என்பார். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி அழுதால் எந்தப் பையன் இங்கே இருப்பான்?

முதல் வீடியோவில் தமிழர்களுக்குப் பயம், இரண்டாவதில் பீகாரிகளுக்குப் பயம். இரண்டு பயமும் ஒரே போனில், ஒரே செயலியில், சில சமயம் ஒரே அறையின் இரண்டு பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் வந்து சேர்ந்தது. கம்பெனி லைனில் அடுத்தடுத்து உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள், ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொண்டது ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த வீடியோ மூலமாக. பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் ‘உங்க ஊரில் என்ன சொல்றாங்க?’ என்று கேட்கிற அளவுக்குப் பொது மொழி இல்லாததுதான் ஆபத்தாக முடிந்தது.

அப்போது முதலாளிகள் பதறியதையும் சொல்ல வேண்டும். ஆள் போய்விட்டால் ஷிப்மென்ட் போய்விடும். கம்பெனிகளில் கூட்டம் போட்டு, பயப்படாதீர்கள் என்று சொன்னார்கள். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் உதவி எண்கள் அறிவித்தன. இந்தி தெரிந்த காவலர்கள் தொழிலாளர் விடுதிகளுக்குப் போய்ப் பேசினார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்தி எதிர்ப்புப் போராட்ட நினைவு ஆழமாக இருக்கிற மண் இது. 1968 முதல் இருமொழிக் கொள்கை. அந்த மண்ணில் ஒரு காவலர் தொழிலாளியிடம் இந்தியில் பேசியபோது யாரும் அதை மொழித் திணிப்பு என்று சொல்லவில்லை. டெல்லியிலிருந்து உத்தரவாக வரும் இந்தி வேறு, பயந்துபோன ஒரு பையனின் வாயில் இருக்கிற இந்தி வேறு என்பது ஊருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பையனின் வீட்டு மொழி இந்திகூட இல்லை, போஜ்புரியோ மைதிலியோ மகஹியோவாக இருக்கும். அவனுக்கும் அது பள்ளிக்கூட மொழிதான்.

பயத்தில் தேடி வந்த அரசாங்கம், மற்ற நாட்களில் இவர்களை எங்கே வைத்திருக்கிறது? இரண்டு அட்டைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒன்று ரேஷன் அட்டை. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1 அன்று சேர்ந்தது. பீகார் அட்டை வைத்திருப்பவர் இங்குள்ள கடையில் விரல் ரேகை வைத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனக்குரிய தானியத்தை வாங்கலாம். காகிதத்தில் நல்ல திட்டம். நடைமுறையில் வாங்குகிறவர்கள் குறைவு. குடும்பம் ஊரில் அந்த அட்டையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, இங்கே விடுதியில் இருப்பவருக்குச் சமைக்க அடுப்பே இல்லை, ஞாயிறு தவிர மற்ற நாளில் கடை திறந்திருக்கும் நேரம் ஷிப்டு நேரம். தமிழ்நாடு அரசு கொடுக்கிற மற்றவற்றுக்கு இந்த ஊர் அட்டை வேண்டும். அதற்கு அந்த ஊர் அட்டையிலிருந்து பெயர் நீக்க வேண்டும். நீக்கினால் அங்கே இருக்கிற அம்மாவுக்கு என்ன ஆகும்?

இரண்டாவது வாக்காளர் அட்டை. 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் ‘சாதாரணமாக வசிக்கும்’ இடத்தில், ஒரே ஒரு தொகுதியில்தான் பெயர் சேர்க்க முடியும். பதினோரு மாதம் திருப்பூரில் தைத்து ஒரு மாதம் கஞ்சாமில் இருப்பவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறார்? 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம், வெளியூரிலிருந்தே வாக்களிக்கும் மெஷினைக் காட்டுவதற்காகக் கட்சிகளை அழைத்தது. பல கட்சிகள் எதிர்த்தன, அது அப்படியே நின்றது. 2025-ல் பீகாரில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலில் விடுபட்ட பெயர்கள் சுமார் 65 லட்சம். அதில் சுமார் 36 லட்சம் பேருக்கு, நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டார் அல்லது முகவரியில் இல்லை என்று காரணம் எழுதப்பட்டது. அந்த நேரத்திலேயே தமிழ்நாட்டில், இவர்கள் பெயர் இங்கே சேர்ந்தால் தமிழர் அரசியல் என்னாகும் என்ற விவாதம் சூடுபிடித்தது. நவம்பரில் அதே திருத்தம் இங்கேயும் தொடங்கியது. ஊரில் இல்லை என்று அங்கே நீக்குகிறார்கள், இந்த ஊர்க்காரர் இல்லை என்று இங்கே சேர்க்கத் தயங்குகிறார்கள். வாக்குரிமை இல்லாதவரின் விடுதிக்கு எந்தக் கவுன்சிலர் குடிநீர் கேட்டுப் போவார்? பயம் இருக்கிற உள்ளூர்க்காரர்களை நான் திட்டவில்லை. சின்ன மொழியினத்துக்குத் தன் நிலத்தில் சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்ற கவலை இயல்பானது. ஆனால் ஒரு மனிதரின் உழைப்பு இங்கே வேண்டும், அவர் குரல் வேண்டாம் என்பது நியாயமாகப் படவில்லை.

அரசாங்கம் தயங்குகிற இடத்தில், விசித்திரமாக, வெளிநாட்டு பையர் கொஞ்சம் முந்திக்கொள்கிறார். ஏற்றுமதிக் கம்பெனிக்குள் போனால் சுவரில் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், புகார் எண் எல்லாம் தமிழிலும் இந்தியிலும் சில இடங்களில் ஒடியாவிலும் ஒட்டியிருக்கும். ஆடிட் வருகிறவர்கள் கேட்பார்கள் என்பதற்காக ஒட்டியது. தாலுகா அலுவலகச் சுவரில் இருப்பதைவிட அங்கேதான் ஒடியாவை எளிதாகப் பார்க்கலாம். ஆடிட் போன மறுநாள் அந்தக் காகிதம் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அதோடு, ஆடிட் எட்டாத ஜாப் ஒர்க் சந்துகளில் அந்தக் காகிதமே இல்லை.

மெதுவாக வேறொன்று நடந்துகொண்டிருக்கிறது. கம்பெனி லைனில் தமிழ் டைலர்கள் ‘ஜல்தி’ (சீக்கிரம்), ‘பஸ்’ (போதும்), ‘கித்னா பீஸ்’ (எத்தனை பீஸ்) என்று இந்தியில் சொல்கிறார்கள். ஒடிசாப் பையன்கள் ‘அக்கா, பிசிறு வெட்டலை’ என்கிறார்கள். அவர்கள் கற்கும் தமிழ் பாடப்புத்தகத் தமிழ் இல்லை, கொங்குத் தமிழ். எதற்கும் ஒரு ‘ங்க’ போட்டுப் பேசுகிற தமிழ். ‘சரிங்க’, ‘இல்லீங்க’, ‘வாரேனுங்க’. மரியாதையான இந்தப் பேச்சு கொங்கு மக்கள் தங்கள் அடையாளமாகவே சொல்லிக்கொள்வது. அதை இப்போது சுமந்து போகிறவர்களில் கஞ்சாம்காரரும் பீகாரின் தர்பங்காக்காரரும் இருக்கிறார்கள். தனியாக வந்த பையன்கள் சிலர் கல்யாணம் முடித்துக் குடும்பத்தோடு திரும்பி வந்து லைன் வீடு எடுக்கிறார்கள். பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளியில் சேர்கிறார்கள். 2006-ம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயம். அந்தப் பிள்ளைகள் இன்னும் சில வருடத்தில் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாள் எழுதுவார்கள், திருப்பூர் குமரனைப் பற்றிய பாடத்தையும் படித்திருப்பார்கள். அவர்களை எந்த அலையில் சேர்ப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு அம்மாவும் எட்டு ஒன்பது வயது மகளும் வந்தார்கள். அம்மா ஒடியாவில் ஏதோ சொல்ல, மகள் கடைக்காரரிடம், ‘கடுகு எண்ணெய் இருக்குதுங்களான்னு கேக்குறாங்க’ என்றாள். இருந்தது. ஐந்தாறு வருடமாகவே வைத்திருக்கிறாராம், நன்றாக ஓடுகிறதாம். கடைக்காரர் உசிலம்பட்டிக்காரர், வந்து இருபத்தைந்து வருடம். பாட்டிலை எடுத்துக்கொண்டே, ‘எந்த ஊரு பாப்பா?’ என்று கேட்டார். கேள்வி புரிந்ததால் அம்மாவே முந்திக்கொண்டு ‘கஞ்சாம்’ என்றார். அதே நேரத்தில் மகள், அவர்கள் குடியிருக்கும் திருப்பூர்ப் பகுதியைச் சொல்லி, ‘பதினஞ்சு வேலம்பாளையமுங்க’ என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணி மகளின் கையில் கொடுத்தார்.